பத்துக்குத் திருப்பினால் நாலு

அப்பா வயர்மேன். நாற்பத்தொரு வருடம் ஆலயத்தின் ஆம்ப்ளிஃபையர் அவர் பொறுப்பில் இருந்தது. சம்பளம் கிடையாது, அவர் கேட்டதுமில்லை.

அவருக்கு எண்பத்திரண்டு வயதானபோது சத்தக் குமிழ் பத்துக்கு ஏறியது. போதகர் செருமினால் பின்வரிசைக் குழந்தைகள் வீறிட்டன. காதுக்கருவி வாங்கிக் கொடுத்தேன். அது சட்டைப்பையிலேயே கிடந்தது. "ஆண்டவர் கொடுத்த காது இருக்கு" என்பார். ஆண்டவர் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு நான்கு வருடம் ஆகியிருந்தது.

போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஐயா, இனி ஓய்வெடுக்கலாமே?"

"மோசே எண்பது வயசுலதான் வேலைக்கே சேர்ந்தார், பாஸ்டர். எனக்கு அவரைவிட ரெண்டு வயசு கூட."

வாசலில் போதகர் என்னிடம் கைகூப்பினார். "ஒரு மாசம் பார்க்கிறேன்மா. அப்புறம் வேற ஆள்தான்."

அந்த வேலை போனால் அப்பா படுத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். சனிக்கிழமை ஆம்ப்ளிஃபையரைத் திறந்து, ஈயம் உருக்கி சால்டர் வைத்து, உள்ளே ஒரு ரெசிஸ்டர் சேர்த்தேன். இனி பத்துக்குத் திருப்பினாலும் நாலுக்கான சத்தம்தான் வரும். மறுநாள் அப்பா வழக்கம்போல் பத்தில் வைத்தார். ஒரு குழந்தையும் அழவில்லை.

"ஐயாவுக்குக் காது திறந்துடுச்சு!" என்றார் போதகர். பிரசங்கத்திலும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்படியே இரண்டு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன். மெதுவாகச் சொன்னால் அவருக்குக் கேட்காது. கத்தினேன். நர்ஸ் ஓடி வந்தார்.

"அப்பா! ஆம்ப்ளிஃபையர்ல நான் ஒரு..."

"ரெசிஸ்டர்தானே? நீ வெச்ச சால்டர் பிடிக்கவே இல்ல. அடுத்த வாரமே நான் ஒழுங்கா வெச்சிட்டேன். என்னத்தைப் படிச்சியோ!"

"தெரிஞ்சும் ஏன் கழட்டலப்பா?"

"கழட்டினா என்னைக் கழட்டி விட்டுருவாங்களே. ஆண்டவர் வேலைம்மா. எப்படியோ நடந்தா சரி."

பதினோரு நாள் கழித்து அடக்க ஆராதனை. ஆம்ப்ளிஃபையர் அருகே அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். போதகர் அழுதுகொண்டே பேசினார்; குரல் எழும்பவில்லை.

"கேட்கலைம்மா, கூட்டி வை" என்றார்கள் பின்னாலிருந்து.

பத்துக்குத் திருப்பினேன். நாலுதான் வந்தது. அப்பா வைத்த சால்டர், அசையாது.