சந்தனப் பொட்டு வைச்ச கைத்துவக்கு

கடைகளுக்குக் கமரா பூட்டுறது என்ர தொழில், எந்தக் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒண்டுதான்: "தம்பி, கள்ளன்ர முகம் வடிவாய்த் தெரியுமோ?" தெரியும் எண்டு சொல்லுவன். லண்டனிலை கவுண்டருக்குப் பின்னாலை நிண்டு காலம் தள்ளுற உங்களுக்கு அந்தக் கேள்விக்குள்ளை இருக்கிற பயத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நீங்களும் ஒருநாள் அடிவாங்கியிருப்பியள், இல்லாட்டி அடிவாங்கின ஆளை ஆஸ்பத்திரியிலை போய்ப் பாத்திருப்பியள்.

வயர் இழுக்கிறதுக்கு நான் கவுண்டருக்குக் கீழை பூந்து போகவேணும். அங்கைதான் எல்லாரும் தங்கட தைரியத்தை ஒளிச்சு வைச்சிருப்பினம். கிரிக்கெட் மட்டை, சுத்தியல், மிளகாய்த்தூள் டப்பா எல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. கைத்துவக்குத்தான் இண்டைக்கும் பழகேல்லை. இந்த நாட்டிலை சாதாரண ஆக்கள் அதைத் தொடவே கூடாது. அதாலை எங்கட ஆக்களிட்டை அம்பிடுறதெல்லாம் ஆரும் கேள்விப்படாத பழைய சாமான்கள்தான்.

கப்பல் துவக்கு

இல்ஃபோர்டிலை ரத்தினம் அண்ணைக்கு ஒரு சாராயக் கடை இருக்கு. அவரின்ர கவுண்டருக்குக் கீழை துவாயாலை சுத்தின ஒரு சாமான் என்ர கையிலை தட்டுப்பட்டுது. விரிச்சுப் பாத்தால், வாய் அகலமான ஒரு பித்தளைத் துவக்கு. கடலிலை ஆபத்தெண்டால் வானத்துக்கு வெளிச்சம் விடுறதுக்குப் படகுக்காரர் வைச்சிருக்கிற வகை. ஆரோ செத்துப்போன கிழவன்ர வீட்டுச் சாமான்களோடை வாங்கினவராம்.

"அண்ணை, இதை நீட்ட, அவன் உண்மையான துவக்கை நீட்டினால் என்ன செய்வியள்?" எண்டு கேட்டன். அந்த யோசினை மனிசனுக்கு வந்ததேயில்லை. துவாயாலை அதைத் திரும்பவும் பக்குவமாய்ச் சுத்தினார். "இது சுடாது தம்பி. அது எனக்குத்தானே தெரியும், வாறவனுக்குத் தெரியாதே."

சுவரிலை இருந்த சோடி

லூயிஷாமிலை ஒரு டொக்டர் வீட்டுக்கு அலாரம் பூட்டப் போனன். அவர் தமிழ்நாட்டுக்காரர். வரவேற்பறைச் சுவரிலை, கண்ணாடிப் பெட்டிக்குள்ளை, இரட்டைப் பிள்ளையள் மாதிரி ரெண்டு பழைய பிஸ்டல். முன்வாயாலை வெடிமருந்து அடைச்சுச் சுடுற காலத்துச் சாமான். நான் பாத்த பார்வையிலை அவருக்கு விளங்கிப்போச்சு.

"பயப்படாதீங்க தம்பி, லீகல்தான்" எண்டு சொல்லிப்போட்டுச் சட்டத்தைச் சொன்னார். இவ்வளவு பழைய சாமானை அழகுக்கு வைச்சிருக்கலாம். அதே சாமானைப் பாதுகாப்புக்கெண்டு வைச்சிருந்தால் குற்றம். சாமான் மாறேல்லை, ஏன் வைச்சிருக்கிறாய் எண்டதுதான் மாறுது. "செவுத்துல இருந்தா அலங்காரம், பாக்கெட்டுல இருந்தா குறைஞ்சது அஞ்சு வருஷம் உள்ள, பாத்துக்கங்க."

சரஸ்வதி பூசை

தோர்ண்டன் ஹீத்திலை மலர் அக்காவின்ர பலசரக்குக் கடைக்கு ஆதிநாளிலை இருந்து நான்தான் கமரா. போன மாரியிலை கள்ளன் ஒருத்தன் குத்தினதிலை அவவின்ர மனிசனுக்கு ஒரு கண் போச்சுது. அதோடை அவர் கடைப்பக்கம் வாறதை விட்டிட்டார். அக்கா தனியத்தான் நிண்டவ.

சரஸ்வதி பூசையண்டு கமரா ஒண்டு வேலை செய்யேல்லை எண்டு போனன். கவுண்டரிலை படம் வைச்சு, தொழில் சாமான்களை வரிசையாய் அடுக்கி, எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும். கல்லாத் திறப்பு, விலை ஒட்டுற மெசின், பெட்டி வெட்டுற கத்தி. கத்திக்குப் பக்கத்திலை உள்ளங்கைக்குள்ளை அடங்கிற ஒரு கைத்துவக்கு, ரெண்டு குழாய், எலும்புப் பிடி. அதுக்கும் ஒரு பொட்டு.

பழஞ்சாமான் சந்தையிலை வாங்கினதாம், லைசென்ஸ் தேவையில்லை எண்டு வித்தவன் சொன்னவனாம். ஹாண்ட்பாக்கிலை போட்டுக்கொண்டு பஸ்ஸிலை வந்து போயிருக்கிறா. டொக்டர் சொன்னதை அப்பிடியே சொன்னன். அக்கா கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டே சொன்னா: "அவருக்கு ஒரு கண் போனது சட்டம் இல்லாத இடத்திலையே தம்பி? இதுதான் என்னை வீட்டை கொண்டுபோய்ச் சேர்க்குது."

நீண்ட கை

பேந்து ஒரு பின்னேரம் போன் அடிச்சா. "தம்பி, கமராவிலை ஒரு துண்டு அழிக்கவேணும், வாறியா?" குரல் சரியில்லை. போனன். ஆரோ ஒருத்தன் கவுண்டருக்கு மேலாலை கையை நீட்டினவனாம், அவ துவக்கை எடுத்து நெஞ்சுக்கு நேரை பிடிச்சவவாம், அவன் ஓடிட்டானாம்.

அழிக்க முதல் ஒருக்கால் ஓடவிட்டுப் பாத்தம். மேலையிருந்து எடுத்த படம். அந்த ஆள் ஒரு போத்தல் பாலை வைக்கிறான். பாங்க் கார்ட்டை மெசினிலை தட்டேக்கை அது வழுக்கி அக்காவின்ர பக்கம் விழுது. அதை எடுக்கத்தான் கையை நீட்டினவன். அடுத்த நிமிசம் ரெண்டு கையையும் தூக்கிக்கொண்டு பின்னாலை பின்னாலை போறான். பாலும் கார்ட்டும் கவுண்டரிலேயே கிடக்குது.

அக்கா திரும்பப் போடச் சொன்னா. நான் கள்ளனுக்கெண்டு வைச்ச கமரா, அதாலை அவவின்ர முகம் ஓரத்திலை பாதிதான் விழுந்திருந்தது. அவ அந்தப் பாதியைத்தான் பாத்துக்கொண்டிருந்தா. எனக்கு அவவை நிமிந்து பாக்க ஏலாமல் போச்சு. "இந்த முகத்தை எனக்குத் தெரியும் தம்பி. சின்னனிலை எங்கட வீட்டு வாசலிலை துவக்கோடை வந்து நிண்டு அப்பாவைக் கூப்பிட்டவங்களுக்கும் இதே முகம்தான்."

காரணம்

அழிக்கவேண்டாம் எண்டிட்டா. நான் விடேல்லை. "அக்கா, பேசாமல் இருங்கோ. ஒரு மாசத்திலை பழசுக்கு மேலை புதுசு ஏறித் தன்பாட்டிலை அழியும். அந்த ஆளும் வந்து கேக்கேல்லை" எண்டன். அவ கேக்கேல்லை. அந்த ஆள் இனி எந்தக் கடைக்குள்ளை போனாலும் நெஞ்சிடிக்கும், அவனுக்கு ஆர் பதில் சொல்லுறது எண்டு கேட்டா. பொலிசுக்குப் போன் எடுத்தா. துவக்கை றோட்டிலை கொண்டுவராதேங்கோ, நாங்கள் வாறம் எண்டு சொன்னவை.

அவை வந்து சேர முதல் நான் கும்பிடாத குறையாய்ச் சொன்னன், அழகுக்கு வாங்கினனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, மிச்சத்தை லோயர் பாப்பார் எண்டு. அவவின்ர மகள் அபியும் அழுதழுது அதைத்தான் சொன்னவள். அக்கா துவக்கிலை காய்ஞ்சுபோயிருந்த சந்தனத்தை நகத்தாலை சுரண்டிக்கொண்டிருந்தா. பொலிஸ் கேக்க, பாதுகாப்புக்கு வைச்சிருந்தனான் எண்டு நேரை சொல்லிப்போட்டா. அவை கூட்டிக்கொண்டு போய், அக்கா பிணையிலை வந்தபிறகும் எனக்கு ஆத்திரம் பொறுக்கேல்லை, உங்களுக்கு விசரோ எண்டு கேட்டிட்டன். அக்கா கோவிக்கேல்லை. "எங்கட ஊரிலை துவக்கு வைச்சிருந்த எல்லாரும் சனத்தின்ர பாதுகாப்புக்கெண்டுதான் சொன்னவை. அதை நம்பித்தான் நானும் வாங்கினனான். இப்ப அழகுக்கெண்டு மாத்திச் சொன்னால் நான் என்னத்தைப் படிச்சனான்?"

திருப்பின கமரா

விட்டிட்டுப்போன பாங்க் கார்ட்டிலை இருந்த பேரை வைச்சு அந்த ஆளைப் பொலிஸ் கண்டுபிடிச்சிட்டுது. பஸ் ஓட்டுற மனிசன். "நான் பால் வாங்கத்தான் போனனான்" எண்டுதான் வாக்குமூலம் துடங்குதாம். அக்கா அதை லோயரிட்டை ரெண்டுதரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டவவாம். அவவின்ர வழக்கு வாற கிழமை தீர்ப்புக்கு வருது. அஞ்சு வருசம் உள்ளை போடலாம், விசேஷ நிலைமையெண்டு பாத்து விடவும் செய்யலாம், எல்லாம் நீதவான்ர கையிலை எண்டு லோயர் சொல்லுறார். அபி படிப்பை நிப்பாட்டி வைச்சிட்டு இப்ப கவுண்டரிலை நிக்கிறாள்.

நேற்று அக்கா என்னைக் கூப்பிட்டா. கவுண்டருக்குக் கீழை குனிஞ்சு பாத்தன், ஒண்டும் இல்லை, வெறும் வயர்தான். எந்தப் பக்கம் கமரா வைக்கவேணும் எண்டு கேட்டன். அக்கா மகளைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. "கள்ளனை விடு தம்பி. நான் இல்லாட்டி என்ர பிள்ளை நிக்கப்போற இடம் இது. கமராவை இந்தப் பக்கம் திருப்பி, முன்னாலை ஒரு சின்னத் திரையும் வைச்சுவிடு. அவள் தன்ர முகத்தைப் பாத்துக்கொண்டு யாவாரம் செய்யட்டும்."

இத்தனை வருசமாய் ஊரிலையுள்ள கடையெல்லாம் பூட்டித் திரிஞ்சும், கள்ளன்ர முகம் தெரியுமோ எண்டு கேக்கிறதை விட்டிட்ட இந்த ஒரே ஒரு கடையிலைதான் என்ர கமரா உருப்படியாய் ஒரு வேலை பாத்திருக்கு.