பன்னிரண்டு 'ரோ', இருபத்து நான்கு சொல்

மாத்தளை டவுனில் ஓர் அச்சகம். அங்கே என் வேலை, அச்சடித்து முடிந்த ஈய எழுத்துகளைப் பிரித்து அதனதன் அறையில் போடுவது மட்டும்தான். எழுத்துக் கோக்கிற கம்போசிட்டர் லீவில் இருந்த ஒரு வாரத்தில் பலாபத்வல பக்கமிருந்து ஒரு ஃபாதர் வந்தார். குருமாணவர்களுக்குக் கிரேக்கம் படிப்பிக்கிறவர். அச்சடிக்க ஒரு பக்க அட்டவணை, எண்ணி ஐம்பது நல்ல தாள், ஒரு சின்னப் பெட்டியில் கிரேக்க ஈய எழுத்து, எல்லாம் அவரே கொண்டுவந்திருந்தார். "எழுத்து பத்தாதுன்னு கண்டி அச்சகத்துல திருப்பிட்டாங்க" என்றார்.

"நான் கோக்கிறேன்" என்று வாயை விட்டேன்.

முதலாளி முறைத்தார். "ஏலுமாடா? தாளக் கெடுத்தா தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போ. சரியா செஞ்சா நீயும் கம்போசிட்டர்தான்."

அட்டவணையின் முதல் வரியைக் காட்டி, என்ன சொல் இது என்று ஃபாதரிடம் கேட்டேன்.

"சோஃபோஸ்னா ஞானி. சோஃபோதெரோஸ்னா அதைவிடப் பெரிய ஞானி. நாம 'அவனைவிட'ன்னு சொல்ற இடத்துல கிரேக்கர் 'அவனுடைய'ங்கிற வேற்றுமை போடுவாங்க. மிச்சத்த 'தெரோஸ்'ங்கிற வால் பார்த்துக்கும்."

அந்த வால்தான் என் கழுத்தைப் பிடித்தது. வரிக்கு ஒன்றாக இருபத்து நான்கு சொல், எல்லாவற்றுக்கும் அதே வால். ஒவ்வொன்றிலும் 'ரோ' என்ற எழுத்து. மற்ற எழுத்தெல்லாம் போதுமானது இருந்தது, 'ரோ' மட்டும் பன்னிரண்டே. பார்வைக்கு 'ரோ' போலிருக்கும் ஆங்கில 'p'யைச் செருகிப் பார்த்தேன், அசிங்கமாக இருந்தது. பிடுங்கிப் போட்டேன்.

பழக்கத்தில் கை பழைய பக்கம் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அடித்து முடிந்த எழுத்து சும்மாதானே கிடக்கிறது!

பன்னிரண்டு வரியைக் கோத்தேன். மற்ற வரிகளின் இடத்தில் வெற்று ஈயக் கட்டைகள். ஐம்பது தாளையும் அடித்தேன். பிறகு அதே 'ரோ'க்களைப் பிடுங்கி, அந்த வரிகளின் இடத்தில் கட்டைகளைப் போட்டு, அடுத்த பன்னிரண்டு வரிக்கு 'ரோ'வை வைத்து, அதே தாள்களை மறுபடி மெஷினில் கொடுத்தேன். மயிரிழை விலகினாலும் வரி கோணும். மாற்றுத் தாள் கிடையாது. முதல் தாளை எடுத்துப் பார்த்தபோது இருபத்து நான்கு வரியும் நேராக நின்றன, எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும் விட்டேன்.

ஃபாதர் தாளைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மிச்ச எழுத்த எங்க வாங்கினீங்க?"

பெட்டியைத் திறந்து நீட்டினேன். இரண்டு தடவை எண்ணினார். பன்னிரண்டேதான்.

"யார் கோத்தது?"

"நம்ம கம்போசிட்டர்தான், ஃபாதர்" என்றார் முதலாளி, என் தோளில் கையைப் போட்டு.

தம்பிமாரே, சாமான் பத்தாது என்று கையை விரிக்குமுன், எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டுமா என்று ஒரு தடவை பாருங்கள். கண்டியில் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.