நாங்கள் வாங்காத கிணறு

கோப்பாயில் அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று நான் வீட்டைப் பார்க்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தேன். நல்ல தண்ணீர். நாங்கள் வாடகைக்கு இருந்த இடத்தில் உவர்த் தண்ணீர். அதில் வார்த்தால் என் பிள்ளையின் சிரங்கு எரியும்; அவன் வீடு அதிரக் கத்துவான். இந்தக் கிணற்றுக்காகவே இந்த வீடு வேண்டும் என்றிருந்தது எனக்கு.

விற்பவர் என் கணவரின் சின்னம்மா, எனக்கு மாமி. கணவரை இழந்தவர். வீட்டை விற்று உடுப்பிட்டியில் மகளோடு போய் இருக்க எண்ணியிருந்தார். வெறுங்கையோடு மகள் வீட்டுப் படி ஏறமாட்டேன் என்பார்.

காணி உறுதிப் பத்திரத்தை வாங்கி வாசித்தேன். கிழக்கே அவருடைய தமையனின் காணி. கிணறு கிழக்கு வேலியை ஒட்டி இருந்தது. உறுதியில் கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

"அளந்து பாத்திட்டு எழுதுவமே?" என்றேன் கணவரிடம்.

"சின்னம்மாவைக் கள்ளி எண்டு சொல்லச் சொல்லுறியோ? சொந்தத்துக்குள்ளை ஆர் சங்கிலி பிடிக்கிறது?"

பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மறுபடி கேட்டேன். பிறகு, கேட்டது பிழையோ என்று நானே பின்வாங்கினேன். அதற்குள் கதை மாமியின் காதுக்குப் போய்விட்டது.

"அளக்கட்டும் தம்பி. படிச்ச பொம்பிளையெல்லோ! என்ரை அப்பு கட்டின வேலி. ஒரு சாண் பிழைச்சாலும் என்ரை மூக்கை அறு."

அளக்கும்போது அயல் காணிக்காரரும் நிற்கவேண்டும். தமையன் இறந்துவிட்டதால் அவருடைய மகன் வந்து, வெற்றிலை சப்பிக்கொண்டு நின்றார். நில அளவையாளர் சங்கிலியை இழுத்தார். உறுதிப்படி கிணற்றுக்கு இப்பாலேயே காணி முடிந்தது. மறுபடி அளந்தார். எல்லை முளை அதே இடத்தில்தான் இறங்கியது.

மாமி சிரித்தார். "அது, அப்பு எனக்குச் சீதனம் தந்த நேரம் வேலியைக் கிணத்துக்கு அங்காலை தள்ளிக் கட்டினவர். தண்ணிக்கு நான் அண்ணைன்ரை முத்தத்தாலை போகக்கூடாது எண்டு. அண்ணையும் ஓம் எண்டவர்."

"எழுதினவையோ?" என்றார் அளவையாளர்.

"தேப்பனும் மகளும் எழுதிறதோ?"

தமையன் மகன் வெற்றிலையைத் துப்பினார். "இவ்வளவு காலமும் எனக்குத் தெரியாமல் போச்சே, மாமி!" பிறகு என் பக்கம் திரும்பினார். "நல்லகாலம் தங்கச்சி, நீங்கள் அளந்தியள்."

அந்தக் கிழமையே கிணற்றுக்கு இப்பால் புது வேலி எழும்பியது. இத்தனை வருடம் கிணறு மாமியின் வேலிக்குள் இருந்ததால், வழக்காடினால் அவர் வெல்லலாம் என்று உறுதி எழுத இருந்த நொத்தாரிசு சொன்னார். "அண்ணைன்ரை பிள்ளையைக் கோட்டிலை ஏத்தவோ?" என்று மாமி மறுத்துவிட்டார். அந்தப் பிள்ளைக்கு அப்படி ஒரு கூச்சமும் இருக்கவில்லை. நாங்கள் வாங்கவில்லை. கிணறில்லாத வளவை வேறொருவரும் கேட்கவில்லை.

அளக்காமல் எழுதியிருந்தால் தமையன் மகனுக்கு ஒருபோதும் தெரிந்திராது. மாமி உடுப்பிட்டியில் இருந்திருப்பார். அல்லது என்றோ ஒருநாள் தெரிந்து, வேலி என் முற்றத்தில் எழும்பியிருக்கும். இரண்டு பக்கமும் நின்று நானே வாதாடிக் களைத்துவிட்டேன்.

வேறிடத்தில் ஒரு வீடு வாங்கினோம். அதையும் அளந்துதான் வாங்கினோம். பிள்ளையோடு கோப்பாய்க் கோயிலுக்குப் போனபோது, கோயில் கிணற்றடியில் மாமி குடத்தோடு நின்றார். அவருக்கு முன்னால் இன்னும் பலர் நின்றார்கள். பிள்ளையைக் கிட்ட இழுத்து, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிரங்கு மாறிட்டுது போலை?"

"ஓம், மாமி."

"நல்ல தண்ணி வாய்ச்சிட்டுது."

அள்ளிக் கொடுக்கலாமென்று குடத்தை நான் வாங்கப் போனேன். அவர் அதை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"வேண்டாம் பிள்ளை. உன்ரை சீலை நனைஞ்சிடும்."