ஆடியில் நகராத அடுப்பு

ஸ்க்ரூவைப் பற்றி என் அப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் அவருக்கு வேலை. கீழே விழுகிற சத்தத்தை வைத்தே அது எந்த அளவு ஆணி என்று சொல்லிவிடுவார். அந்த ஆணியைச் சுவரில் அடிக்கச் சொன்னால் முதலில் விரலில் அடிப்பார், பிறகுதான் சுவரில். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி, அவரைத் தவிர.

அதனால்தான் நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம், "வீட்டை நானே சரியாக்கப் போறேன், மேஸ்திரியும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்" என்று அவர் அறிவித்ததும், அம்மா எழுந்துபோய்ப் பாத்திரங்களைப் பழைய சேலையில் மூட்டை கட்ட ஆரம்பித்தாள். தடுத்துப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தவள்.

ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது எங்கள் வீடு. வெட்டுக்கல் சுவர், மேலே ஓடு. முன்னால் ஒரு கூடம், அங்கிருந்து பின்னால் போகிற நீள நடை, நடைக்கு ஒரு பக்கம் அப்பா அம்மாவின் அறை, மறுபக்கம் சாமான் அறை, கடைசியில் அடுக்களை, அதற்கும் பின்னால் குளிக்கிற அறையான குளிமுறி. யார் எங்கே போவதானாலும் நடை வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த நடையில்தான் என் அத்தை படுத்தாள். அப்பாவுக்கு மூத்தவள். கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் ஒரு தகரப்பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் நடந்த விஷயம் அது. பகலில் பாயைச் சுருட்டிப் பெட்டிமேல் வைத்துவிடுவாள். ராத்திரி யாராவது குளிமுறிக்குப் போனால் தூக்கத்திலேயே காலை மடக்கி வழி விடுவாள். சேலை மாற்ற வேண்டுமென்றால் குளிமுறிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவின் அறைக் கதவைத் தட்ட வேண்டும். இதில் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதேயில்லை. அடுக்களையில் அடுப்பு இருப்பதுபோல நடையில் அத்தை இருந்தாள், அவ்வளவுதான்.

அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. வீட்டைச் சரியாக்குவது என்று அவர் கிளம்பியதே சாமான் அறையை ஒழித்து அதை அத்தைக்குக் கொடுப்பதற்காகத்தான். ஆனால் அத்தையிடம் சொல்ல முடியாது. சொன்னால், "எனக்கென்னத்துக்கு ரூமு? பிள்ளைக்குக் குடு" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவாள். முன்பு அவளுக்கென்று ஒரு கட்டில் வாங்கி வந்தபோது அப்படித்தான் ஆயிற்று. அந்தக் கட்டிலில் நான்தான் படுத்தேன். அதனால் அப்பா இந்தத் தடவை ஒரு பொய் சொன்னார். அது பிள்ளை படிப்பதற்கான அறை என்றார். பிள்ளை என்றால் நான். நானும் நம்பினேன், அத்தையும் நம்பினாள். விஷயம் தெரிந்தவர்கள் அப்பாவும் அம்மாவும் மட்டுமே.

பிறகு ஆரம்பித்தது கூத்து. வேறு வீடு பார்க்க வழியில்லாததால், எந்த அறையை இடிக்கிறாரோ அதை விட்டுவிட்டு மற்றதில் குடியிருந்தோம். அடுக்களை ஓட்டைப் பிரித்தபோது அடுப்பு கூடத்துக்கு வந்தது. கூடத்துத் தரையைப் பெயர்த்தபோது அடுப்பு நடைக்குப் போனது. சாம்பாரில் சுண்ணாம்புத் தூள், தலையணையில் மணல், என் மலையாளப் பாடப்புத்தகத்துக்குள் மரத்தூள். பிரித்த ஓடுகளில் உடைந்தவற்றுக்குப் பதிலாக அப்பா எங்கிருந்தோ பழைய ஓடு கொண்டுவந்தார். அவை வேறு கம்பெனி ஓடுகள். ஒன்றோடொன்று கவ்வாது. ஹார்டுவேர்காரருக்கு அது மேலே ஏறின பிறகுதான் தெரிந்தது. பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் நல்ல கெட்டியாகச் சிமென்ட் பூசினார். இடவப்பாதி என்கிற ஜூன் மழை தொடங்கிய வாரத்தில் அந்தப் பூச்சு முழுசாகக் கழன்று தோசை மாவுப் பாத்திரத்தில் விழுந்தது. "சிமென்டு நல்ல சிமென்டாக்கும், சுவருதான் செரியில்ல" என்றார் அப்பா. அம்மா அந்த மாவைக் கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டிவிட்டு வந்து உப்புமா கிண்டினாள்.

இதற்கிடையில் அத்தைக்கு ஒரு சட்டம் உண்டு. அடுப்பு எங்கே இடம் மாறினாலும் அங்கே முதலில் பால் காய்ச்ச வேண்டும், பொங்கி வழிய வேண்டும், அதற்குப் பிறகுதான் உலை வைக்கலாம். புது வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு தடவை செய்வதை நாங்கள் ஒரே வீட்டுக்குள் மாற்றி மாற்றிச் செய்தோம்.

"நாலடி நகந்ததுக்குமா அக்கா?" என்று அப்பா கேட்டார்.

"நாலடியானா என்ன, நானூறு அடியானா என்ன. அடுப்பு மாறுனா பால் காச்சாண்டாமா? மனுசரு குடியிருக்க எடமாக்கும்."

நடைத் தரையைப் பெயர்க்க வேண்டி வந்தபோது அடுப்பு சாமான் அறைக்குள் போனது. அங்கேயும் பால் பொங்கியது. அத்தையின் பெட்டியும் பாயும் தற்காலிகமாகக் கூடத்தில் என் கட்டிலுக்கு அடியில் வந்தன. அதற்குள் அடுக்களையை முடித்து அடுப்பை அங்கே கொண்டுபோய்விடலாம் என்று அப்பா கணக்குப் போட்டிருந்தார். ஆனால் கவ்வாத ஓடுகளை இறக்கி வேறு ஓடு ஏற்றுவதில் நாள் ஓடிவிட்டது. அடுக்களை தயாரானபோது ஆடி பிறந்துவிட்டது.

"ஆடியில அடுப்பு மாத்தப்பிடாது" என்றாள் அத்தை.

அப்பா பக்கத்து வீட்டு மலையாளிகளைத் துணைக்கு இழுத்துப் பார்த்தார். அவர்களுக்கு அது கர்க்கடகம். அவர்கள் அத்தையை விட ஒரு படி மேலே போய், கர்க்கடகத்தில் வீட்டில் ஒரு நல்ல காரியமும் வேண்டாம் என்றார்கள். மற்றதில் எப்படியோ, இந்த ஒரு மாதத்தைப் பொறுத்தவரை தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் நல்ல ஒற்றுமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அப்பா அடுப்பைத் தூக்கப் போனார். கேஸ் குழாயைக் கழற்றுவதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள். அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அப்பா அந்த அடுப்புப் பக்கம் போகவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் வெறும் தமாஷாகப் போயிருக்கும். அப்பா செய்த இன்னொரு காரியம்தான் வினையானது. புதுத் தரை போட்ட நடையில் வாஷிங் மெஷின் எங்கே வைப்பது என்று சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தார். அத்தை இத்தனை வருஷமாகப் பாய் விரித்த அதே இடத்தில். அவர் மனசில் அத்தைக்குத்தான் அறை வந்துவிட்டதே. அத்தையின் கண்ணில் பட்டது சதுரம் மட்டும்.

ரெண்டு நாள் கழித்து அம்மாவோடு உட்கார்ந்து மரச்சீனிக்கிழங்கு நறுக்கும்போது அத்தை சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நாகர்கோவில்ல ஒரு லேடீஸ் ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆளு வேணுமாம். கோயில்ல வச்சு ஒருத்தி சொன்னா. தங்கவும் எடம் உண்டு. ஆவணி ஒண்ணாந்தேதி வாறேன்னு சொல்லியாச்சு."

அம்மாவின் கை நின்றுவிட்டது. "என்னத்துக்கு மைனி?"

"பின்னே? நடையில மெஷின் வைக்கப் போறாம்லா. அதுக்க மேலயா நான் படுக்கது?" என்று சிரித்தாள் அத்தை. அந்தச் சிரிப்பில் கோபமே இல்லை. இருந்திருந்தால் அம்மாவுக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

அன்றைக்கு அப்பா கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் அம்மா பிடித்துக்கொண்டாள். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இப்பமே சொல்லிப்போடுங்கோ. அவங்க போறதுன்னு முடிவு பண்ணியாச்சு."

"சொன்னா பிள்ளைக்கே இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போயிருவா. அவளைத் தெரியாதா? ரூமை முடிச்சு, பெட்டியைக் கொண்டு வச்சிட்டுத்தான் சொல்லணும்."

"எப்ப முடிக்கப் போறீங்க? உள்ள அடுப்புல்லா இருக்கு."

அதுதான் சிக்கல். ஆடி முடிந்தால்தான் அடுப்பு நகரும். ஆடி முடிந்தால் அத்தையும் போய்விடுவாள். தன் அறையைத் தானே மறித்துக்கொண்டு, அது தெரியாமல் அதற்குள் நின்று எங்களுக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

வேறு வழியில்லாமல் அடுப்பை நடுவில் வைத்துக்கொண்டே அறையைச் சுற்றி வேலை நடந்தது. அவள் ஒரு பக்கம் புளிக்குழம்பு கொதிக்கவிட, அப்பா மறுபக்கம் ஏணியில் நின்று சுவரைச் சுரண்டினார். குழம்பை மூடிவிட்டு ஏணியையும் அவளே பிடித்துக்கொள்வாள். அப்பா ஒவ்வொன்றையும் அவளிடமே கேட்டார். பிள்ளைக்கு என்ற சாக்கில்.

"அக்கா, சன்னல் எங்க வைக்கட்டு?"

"கிணத்துப் பக்கம் வேண்டாம், ஒரே சத்தமாக்கும். இஞ்ச வை. கொஞ்சம் தாழ்த்தி வை. தரையில இருந்தாலும் ஆகாசம் தெரியணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏன் தரையில் உட்காரப் போகிறேன்? எனக்கு மேஜை நாற்காலி வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன். அப்பா என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இடித்த ஏதோ ஒரு வீட்டின் மர ஜன்னலை வாங்கி வந்து, அத்தை கை வைத்துக் காட்டிய உயரத்தில், கொஞ்சம் கோணலாகப் பொருத்தினார். பெயின்ட் ரோஸ் கலர் வேண்டும் என்றேன். வெளிறின நீலம்தான் கண்ணுக்குக் குளிர்ச்சி என்றாள் அத்தை. நீலம் வந்தது. அலமாரி பெரிதாக வேண்டும் என்றேன். ஒரு ஆளுக்கு எதுக்கு அவ்வளவு பெரிசு என்றாள். சின்னதாக வந்தது. என் அறை, என் அறை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு திரிந்தவள் நான். அதில் என் விருப்பம் ஒன்றுகூட நடக்கவில்லை. போகிறவள் போய்த் தொலைந்தால் பெயின்டையாவது மாற்றிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

ஆவணி பிறந்தது. விடிந்ததும் புது அடுக்களையில் அத்தை பால் காய்ச்சினாள். கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. "போதும், இனி கவலையில்ல" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு, எல்லோருக்கும் பால் கொடுத்தாள், குளித்தாள், நல்ல சேலை உடுத்தினாள். என் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். பஸ் ஏறத் தம்பானூருக்குப் போக அவள் சொல்லி வைத்திருந்த ஆட்டோ வாசலில் வந்து நின்றது.

அப்பா பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கினார். வாங்கி, வாசலுக்குப் போகாமல் நடை வழியாகப் பின்னால் நடந்தார்.

"லே தம்பி, வண்டி அங்கயில்லா நிக்கு. எங்க கொண்டுட்டுப் போற?"

அவர் நீல அறைக்குள் போய், ஜன்னலுக்குக் கீழே பெட்டியை வைத்தார். "இது ஒனக்க ரூமாக்கும்" என்றார். இத்தனை மாதமாக எப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தவருக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. துண்டை எடுத்து ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அத்தைக்கு முன்னால் நான் வாயைத் திறந்தேன். "அது எனக்க ரூமுல்லே?" என்று ஓவென்று அழுதேன்.

"பாரு, பிள்ளை அழுகு. அதுக்கே குடு" என்றாள் அத்தை. பெட்டியை எடுக்கக் குனிந்தும்விட்டாள். அப்பா பயந்தது அப்படியே நடந்தது.

அம்மா வந்தாள். ஒரு கையால் என்னைப் பிடித்து வெளியே இழுத்தாள். அத்தையிடம் அதிர்ந்து பேசாதவள் அன்றைக்குப் பேசினாள். "மைனி, அது சின்னப் பிள்ளை, அழும், நிறுத்தும். சன்னல் எங்க வேணும்னு சொன்னது நீங்க. கலர் சொன்னது நீங்க. இனி எனக்கு வேண்டாம்னு சொல்லப்பிடாது. உள்ள போய்க் கதவைச் சாத்திட்டுக் கொஞ்ச நேரம் இருங்கோ."

"கதவை என்னத்துக்குச் சாத்தணும்?"

"சும்மா சாத்துங்கோ. பொறவு வண்டிக்குப் போறதுன்னா போங்கோ."

அப்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது. கதவு வைத்தார், தாழ்ப்பாள் வைக்கவில்லை. உலகத்துத் தாழ்ப்பாளையெல்லாம் விற்கிற மனுஷன். வாசலுக்கு ஓடி, அத்தைக்காக நின்ற அதே ஆட்டோவில் ஏறிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போய், ஒரு பித்தளைத் தாழ்ப்பாளோடு திரும்பி வந்தார். வியர்த்து வழிய அதைப் பொருத்தினார். முதல் ஸ்க்ரூ கோணியது. கழற்றி மறுபடி முறுக்கினார். அதுவரை அத்தை ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் வெளியே வந்ததும் கதவு சாத்திக்கொண்டது. நானும் அப்பாவும் நடையில் நின்றோம். உள்ளே டக்கென்று தாழ் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் திறந்த சத்தம் கேட்டது. வெளியே வருவாள் என்று பார்த்தேன். கதவு அசையவில்லை. மறுபடி டக். பிறகு திறந்தது. பிறகு டக்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா பொருத்தினது அல்லவா. நிலையை ஒட்டி வாயை வைத்துக் கேட்டேன். "அத்தே, செரியா விழல்லியா?"

"விழுது மக்கா."

குரல் ஒரு மாதிரி இருந்தது. திரும்பவும் திறந்தாள், திரும்பவும் பூட்டினாள். இவ்வளவு மோசமாக ஒரு தாழ்ப்பாளைப் பொருத்த முடியுமா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவைப் பார்த்தேன். எப்போதும்போல, தாழ்ப்பாள் நல்ல தாழ்ப்பாள்தான், கதவுதான் சரியில்லை என்று சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

தான் செய்த வேலை சரியாக வரவில்லை என்று ஒருத்தர் இவ்வளவு அழுது நான் பார்த்ததில்லை. என் அழுகையெல்லாம் எங்கோ போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன்.

"சாரமில்லப்பா, போகட்டும்" என்றேன். "நாளைக்கு வேற வாங்கி மாட்டிக்கிடலாம்."