ஜமீல் நானா கடைக்கு முன்னால் இருந்த இடம்

ஜமீல் நானா மவுத்தாகிவிட்டார். காலையில் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள்... அவ்வளவுதான்.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. அழுகையோடுதான் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத ஆத்திரம்தான் வருகிறது. கமெண்டில் கைகூப்பும் படம் போட்டுவிட்டுப் போக வந்தவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

எங்கள் லேனில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். வாய் கொஞ்சம் நீளம். வருஷத்தில் பாதி நாள் என்னோடு பேசமாட்டார், மீதி நாள் சண்டை பிடிப்பார்.

மாத்தளையைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் லேனில் ஒரு வாகனம் வந்தால் மற்றது ஒதுங்கி நிற்க வேண்டும். வீடுகள், ஒரு மொண்டிசோரி, கடைசியில் பள்ளிவாசலும் அடக்கம் செய்யும் மையவாடியும். நானாவின் கடைக்கு நேர் எதிரே பழைய கொக்கோ ஸ்டோர் காணி. அதன் முகப்பு மெயின் ரோட்டில், பின்பக்கம் எங்கள் லேனில்.

அந்தக் காணியைக் குடியிருப்பு வலயத்திலிருந்து வர்த்தக வலயமாக மாற்றி, மரக்கறி மொத்த வியாபாரத்துக்கு ஸ்டோர் கட்டப் போகிறோம் என்றார்கள். போக்குவரத்துக்கு என்ன பாதிப்பு வரும் என்று பார்க்க ஒரு கம்பெனி வந்து வாகனம் எண்ணியது.

எப்போது எண்ணினார்கள் தெரியுமா? தேர் அன்று! பொலிஸ் மெயின் ரோட்டை மூடி, ஊரே தேர் பார்க்கப் போய், எங்கள் லேனின் நடுவில் நாய் படுத்துத் தூங்கிய நாளில்!

ரிப்போர்ட் இங்கிலீஷில் வந்தது. கடையில் வைத்து நான்தான் வாசித்துச் சொன்னேன். "வழமையான வேலை நாள், மிகக் குறைந்த நெரிசல்" என்றதும் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்தார்.

"வழமையான நாளா? எண்ண வந்த பொடியனுங்களுக்கு நாந்தானே டீச்சர் சர்பத் ஊத்திக் குடுத்தேன்! தேர் பாக்க வந்த சனத்துக்குக் கரைச்ச சர்பத்து! குடிச்சிட்டு எண்ணினாங்களா, தூங்கிட்டு எண்ணினாங்களா?"

அன்றைக்குச் சிரித்தேன்.

மாநகர சபை ஆட்சேபனை கேட்கும் கூட்டத்துக்கு இரண்டு பேரும் போனோம். சிங்களத்தில் ஆரம்பித்தவர், கோபம் ஏறியதும் தமிழுக்கு வந்துவிட்டார். "ஒங்கட ரிப்போட்ல கார் ஈக்கி, வேன் ஈக்கி, லொறி ஈக்கி. நாங்க தோள்ல தூக்கிட்டுப் போற மையத்து எங்க ஈக்கி?"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "முதலாளி, உங்க கடைச் சாமான் பாதி ரோட்டைப் பிடிச்சிருக்கே. அது நெரிசல் இல்லையா?"

மண்டபமே சிரித்தது. பொய்யும் இல்லை... வெங்காயச் சாக்கு, தேங்காய்க் குவியல், கேஸ் சிலிண்டர், அதற்கு மேலே தகரக் கூரை, எல்லாம் ரோட்டில்தான்.

நானாவின் முகம் செத்துப்போனது.

மறுநாள் காலையில் தடதடவென்று சத்தம். போய்ப் பார்த்தால், ஏணியில் ஏறி நின்று கடைத் தகரத்தை அவரே கழற்றுகிறார்.

"என்ன நானா இது?"

"வெக்கமா ஈக்கி டீச்சர். அவன் கேட்டது சரிதானே. இனி நான் வாயத் தொறக்கணும்னா மொதல்ல இது போகணும்."

சாக்கெல்லாம் வீட்டு ஹோலுக்குப் போனது. வீடு முழுக்க வெங்காய நாற்றம் என்று நானாவின் மனைவி ராத்தா அவரோடு பேச்சையே நிறுத்தினார். மழைக்கு ஒதுங்க இடமில்லாமல் கஸ்டமர் குறைந்தார்கள். மனுஷன் அசையவில்லை.

அடுத்த கூட்டத்தில் திரும்பவும் எழும்பி நின்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நிபந்தனை போட்டார்கள்: லொறி போகும் கேட் மெயின் ரோட்டுப் பக்கம்தான். மொண்டிசோரி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் லொறி கூடாது. லேனில் நடைபாதை.

அன்று கடைக்கு வந்த எல்லோருக்கும் ஒரு துண்டு மஸ்கட் அல்வா. எனக்கு இரண்டு.

வலயம் மாறியது. ஸ்டோர் எழும்பியது. மெயின் ரோட்டு முகப்பில் வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டார்கள். கேட் எங்கே? எங்கள் லேனில்! நானா கடைக்கு நேர் எதிரே!

கேட்டால் "தற்காலிகம்" என்றார்கள். நடைபாதைக்கு ஒரு கோடுகூடக் கீறவில்லை. நானா ஒப்பீசுக்கு நடையாய் நடந்தார். சேர் மீட்டிங், சேர் லீவு, நாளைக்கு வாங்க... அந்தத் தற்காலிகம் அவருடைய ஆயுளைவிட நீளமாகப் போய்விட்டது. நிபந்தனை போட்டவர்களே, இதை வாசித்தால் வெட்கப்படுங்கள். அந்த மனுஷனுக்கு இருந்த வெட்கத்தில் பாதியாவது!

இன்றைக்கு அவருடைய ஜனாஸா.

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நான் ராத்தாவோடு வீட்டு வாசலில் நின்றேன். மையத்துப் பெட்டியான சந்தூக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்கள் கடை கிட்டே போனதும் நின்றுவிட்டார்கள்.

உருளைக்கிழங்கு லொறி ஒன்று கேட்டுக்குள் ரிவர்ஸ் எடுக்கிறது, பாதி உள்ளே, பாதி ரோட்டில். அதற்குப் பின்னால் இன்னொரு லொறி, அதற்கும் பின்னால் த்ரீவீலர்கள். ட்ரைவர் பாவம், எங்கே எடுப்பான்? நானாவின் மகன், "மையத்து ஈக்கி, பாதை விடுங்க! பாதை விடுங்க!" என்று அழுதுகொண்டே கத்துகிறான்.

ராத்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திய தடம் இன்னும் இருக்கிறது.

பிறகு முன்னால் தூக்கியவர்கள் மெதுவாக ஓரத்துக்குத் திரும்பினார்கள். பூட்டிய கடைக்கு முன்னால் சாக்கு இல்லை, சிலிண்டர் இல்லை, தகரமும் இல்லை. அந்த இடத்தால் நடந்தார்கள். லொறியில் ஒரு நுனிகூடப் படாமல் நானா போய்விட்டார்.

கப்ருக் குழியை விசாலமாக்கிக் கொடு என்று உங்கள் ஆட்கள் துஆ கேட்டார்களாம் நானா. நானும் வாசலில் நின்று அதையேதான் கேட்டேன்.

கடைக்கு முன்னால் இனி ஒரு சாக்கு வைக்க விடமாட்டேன். உங்கள் மகன் வைத்தாலும் சண்டைதான்.