ஒட்டுப்பால் அடைத்த டின்

மலாயாவில், பாடாங் செராயில் ஒரு முதியோர் விடுதியில் நான் ஆயாவாக இருந்தேன். தோட்டங்களில் உழைத்து முதுகு வளைந்து, போக்கிடம் இல்லாமல் வந்த பதினொரு பேர் அங்கே இருந்தார்கள். கண்காணிப்பாளர், தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. பராமரிப்பு விதிகளை எழுதிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். கட்டில் விரிப்பில் சுருக்கம் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. அதனால் பெரிய மனிதர்கள் பார்வையிட வரும் நாட்களில் கிழடுகள் எல்லாம் தரையில் உட்கார்ந்திருக்கும்.

அது அவசரகாலம். காட்டில் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேரக் கூடாது என்று, பால் டின்னைக் கடையிலேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள். திங்கட்கிழமை வாங்கிய டின் புதன்கிழமை எறும்புக்குச் சொந்தம். தொண்டையில் கட்டி வந்த தாத்தா ஒருவருக்கோ கரைத்த பாலைத் தவிர எதுவும் இறங்காது. ரேஷனில் அவருக்கு வாரத்துக்கு ஒரே டின். கிராணியிடம் சொன்னேன்.

"விதியில பாலைப் பத்தி ஒன்னும் இல்லையே லா," என்றார்.

எரிச்சலாக வந்தது. தோட்டத்துக்காரி புத்தி எங்கே போகும்? ரப்பர் மரத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலைப் பிய்த்து வந்து, உருட்டித் துளைகளை அடைத்தேன். எறும்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை, புது டின்னை அடைத்துக் கட்டிலுக்கடியில் வைத்த சற்று நேரத்தில், சோதனைக்கு வந்த தமிழ் இன்ஸ்பெக்டர் அதை எடுத்துவிட்டார். துளை அடைத்த டின் என்றாலே காட்டுக்குப் போகிற டின்தான். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"யார் அடைச்சது?"

கிராணி என்னைக் காட்டினார். வேறெந்த வேலைக்கும் அவர் கை அவ்வளவு வேகமாக நீண்டதில்லை.

தாத்தா எழுந்து உட்கார்ந்தார். "என் பாலுங்க தொரை. நான் குடிக்கத்தான் அந்தப் புள்ள அடைச்சி வச்சிச்சி."

"அப்படின்னா இப்பவே முழுசா குடிச்சிக் காட்டு."

கரைத்துக் கொடுத்தேன். வேளைக்கு நாலு கரண்டிக்கு மேல் முடியாத மனிதர். கண்ணில் நீர் முட்ட, பாதி மூக்கில் வழிய, குவளை குவளையாகக் குடித்தார். இன்ஸ்பெக்டர் காலி டின்னைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்பினார். நான் சிறைக்குப் போகவில்லை.

எனக்கு அழுகை நிற்கவில்லை. "ஏன் புள்ள அழுவுற? வயிறு நெறஞ்சிருச்சி," என்று சொல்லிவிட்டுத் தாத்தா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த டின் வர இன்னும் ஏழு நாள் இருந்தது.