தவளையின் இதயமும் அண்ணனின் காலும்

தவளையின் தலைக்குப் பின்னால் ஊசியை ஏற்றித் தண்டுவடத்தைக் கிழித்துவிட்டுத்தான் எங்கள் வகுப்பு தொடங்கும். வேலூரில் நான் மருத்துவம் படித்த முதல் வருஷம் அது. பிளந்த மார்புக்குள் இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் ஒரு துடிப்பு துடிக்கும். துடித்த கையோடு மறுபடி கொடுத்தால் அசையாது; அடுத்த துடிப்புக்குத் தயாராக அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். வேகமாகத் துடிக்க வைத்தால் இதயம் அந்த அவகாசத்தையும் சுருக்கிக்கொள்ளும். அதனால்தான் ஓடுகிறவன் பிழைத்திருக்கிறான் என்றார் ஆசிரியை.

அன்று என் தவளை சுருக்கிக்கொள்ளவில்லை. வேகத்தைக் கூட்டினேன். முதலில் ஒன்றுவிட்டு ஒன்று துடித்தது. பிறகு புழுவாக நெளிந்து நின்றுபோனது. நோஞ்சான் தவளை என்று ஆசிரியை அதைத் தூக்கிப் போட்டார். எனக்கோ அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் ஆம்பூரில் தோல் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தான். வாட்டசாட்டமான ஆள். ஆனால் ஓடினாலோ கோபம் தலைக்கேறினாலோ சில சமயம் தடாலென்று விழுவான், கண் செருகும், பிறகு தானாகவே எழுந்திருப்பான். பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலையால் அடித்துப் பார்த்தார்கள். அந்தத் தவளை இதயம் நின்ற அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

மாதனூர் பக்கத்தில் எங்கள் ஊர். பொங்கல் முடிந்ததும் தெருவில் மாடு விடுவார்கள், ஆட்களும் கூடவே ஓடுவார்கள். தோல் ஷாப் முதலாளியின் மாட்டோடு ஓட அண்ணன் வேட்டியை வரிந்து கட்டினான். நான் வாசலை மறித்தேன்.

"ணா, ஓடாத. உன் நெஞ்சு தாங்காது. செத்துருவ."

"தவளைய அறுத்துட்டு வந்து எனக்கு வைத்தியம் சொல்றியா? நவுருடி!"

என்னைத் தள்ளினான். விழுந்த இடத்தில் உலக்கை கிடந்தது, எடுத்தேன். அவன் முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பு. உடம்பின் பாரத்தைத் தாங்குவது அதுவல்ல, உடைந்தாலும் பிற்பாடு நடக்கலாம் என்று படித்திருந்தேன். அங்கேயே பார்த்து ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அலறிக்கொண்டு விழுந்தவன் என் தலைமுடியைப் பற்றிச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. மறுபடி மோதினான். திடீரென்று அவன் பிடி தளர்ந்தது. கண் செருகிவிட்டது.

ஓட்டத்தை நிறுத்திய நான் அவன் கோபத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. நாடியைத் தொட்டேன், இல்லை. வெளியே மாட்டுக் குளம்பும் கூச்சலும். எனக்குப் படிப்பெல்லாம் மறந்தே போயிற்று. ஆத்திரம் ஒன்றுதான் மிச்சம்.

"செத்துட்டியா? சொன்னேனே, கேட்டியா?" என்று கத்தியபடி அவன் நெஞ்சில் முஷ்டியால் குத்தினேன். மறுபடி குத்தினேன். அவன் கண் திறந்தது.

"இன்னும் அடிக்கிறியாடி?" என்றான்.

குத்தியதால் திரும்பியதா, தானாகத் திரும்பியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூங்கில் பத்தை வைத்து அவன் காலைக் கட்டினேன். அதன்பிறகு வருஷம் முழுக்க அவன் என்னிடம் பேசவே இல்லை.

அடுத்த வருஷம் பொங்கலுக்குப் போயிருந்தேன். தெருவில் மாடு விடப் பறை முழங்கியதும் அண்ணன் எழுந்தான். லேசாக நொண்டியபடி மூலைக்குப் போய் உலக்கையை எடுத்து வந்து என் மடியில் வைத்தான்.

"கையிலயே வெச்சிக்கோ. எனக்கு என்மேலயே நம்பிக்க இல்ல" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.